காலியாக விட்ட ஆறு வரிகள்

சபைச் செயலாளர்களாகப் புதிதாகப் பொறுப்பேற்றிருக்கும் உங்களுக்கு இந்த முகாமில் பலரும் பல விஷயங்களைச் சொல்வார்கள். நிலப் பத்திரங்களை எங்கே வைப்பது, வெளிநாட்டிலிருந்து காணிக்கை வந்தால் என்ன செய்வது, பணியாளருக்கு வைப்பு நிதி பிடிப்பதா வேண்டாமா என்பதையெல்லாம் தணிக்கையாளர் என்னைவிட நன்றாகச் சொல்லித் தருவார். நான் மைசூரில் ஒரு தமிழ்ச் சபைக்குப் பதினான்கு ஆண்டுகள் செயலாளராக இருந்தவன். மினிட்ஸ் புத்தகத்தின் ஒரு பக்கத்தில் காலியாக விட்ட ஆறு வரிகளைப் பற்றித்தான் என்னால் பேச முடியும்.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம். ரயில்வே அலுவலகத்தில் பணியாளர் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். விஜயநகரில் வீடு. நாட்குறிப்பு எழுதாமல் ஒரு நாளும் படுத்ததில்லை. மழை பெய்ததா, போதகர் எந்த வசனத்தின்மேல் பிரசங்கித்தார், ஆராதனை எத்தனை நிமிடம் தாமதமாகத் தொடங்கியது என்று எல்லாம் எழுதுவேன். பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளையும் அடக்கப் பதிவேடுகளையும் கதைப்புத்தகம்போல உட்கார்ந்து வாசிப்பேன். சபையில் யாருடைய தாத்தா எந்தக் கிழமையில் திடப்படுத்தல் பெற்றார் என்று கேட்டால் புத்தகத்தைத் திறக்காமல் சொல்வேன். தேதிகளில் என்னைத் திருத்த ஆளில்லை என்ற கர்வம் எனக்கு இருந்தது. இன்று ஆண்டைக் குறிப்பிடாமல் பேசுகிறேன், ஏனென்றால் சம்பந்தப்பட்டவர்கள் எல்லாரும் உயிரோடிருக்கிறார்கள். மற்றபடி மாதமும் கிழமையும் சரியாகவே இருக்கும்.

எங்கள் கமிட்டியில் ஒரு வழக்கம் இருந்தது. ஆரம்ப ஜெபம் முடிந்ததும் மினிட்ஸ் புத்தகம் சுற்றுக்கு வரும். எல்லாரும் புதுப்பக்கத்தின் அடியில் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். பேச்சு அதற்குப் பிறகுதான். நஞ்சன்கூட்டுத் தொழிற்சாலைகளில் ஷிப்டுக்குப் போகிறவர்கள் மூன்று பேர் இருந்தார்கள், பாதிக் கூட்டத்தில் எழுந்து ஓட வேண்டியவர்கள். அவர்களுக்காகத் தொடங்கிய வழக்கம், பிறகு எல்லாருக்கும் வசதியாகிவிட்டது. நான் துண்டுத்தாளில் குறிப்பெடுத்து, திங்கட்கிழமை மாலை வீட்டில் உட்கார்ந்து, அந்தக் கையெழுத்துகளுக்கு மேலே அழகாக எழுதுவேன். அடுத்த கூட்டத்தில் வாசிப்பேன். எல்லாரும் ஆமோதிப்பார்கள். பதினான்கு ஆண்டுகளில் ஒருவரும் ஒரு சொல்லைத் திருத்தியதில்லை. அதையும் என் பெருமையாகவே எண்ணினேன்.

எனக்கு முன் செயலாளராக இருந்தவர் பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். புத்தகத்தை என்னிடம் ஒப்படைத்த அன்று, எழுத்து முடிகிற இடத்திலிருந்து கையெழுத்து தொடங்குகிற இடம்வரை மீதமுள்ள காலி இடத்தில் குறுக்கே ஒரு கோடு இழுத்துக் காட்டினார்.

"ஒவ்வொரு தடவையும் இதப் பண்ணிடணும்" என்றார்.

"எதுக்கு ஸார்? சாத்தான் வந்து எழுதிடுவான்னா?" என்று சிரித்தேன்.

"சாத்தானுக்கு இதுக்கெல்லாம் நேரம் ஏதுப்பா? நம்ம ஆளுங்கதான் எழுதுவாங்க."

இரண்டு ஆண்டுகள் கோடு இழுத்தேன். பிறகு விட்டுவிட்டேன். காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பக்கத்தின் அழகு கெடுகிறது என்று தோன்றியது, அவ்வளவுதான். என் எழுத்து அச்சுப்போல இருக்கும். அதன் கீழே கோணலாக ஒரு கோடு கிடப்பதை என் கண் பொறுக்கவில்லை.

இனி சுவருக்கு வருகிறேன். எங்கள் ஆலயத்தின் தெற்குச் சுற்றுச்சுவர் பழையது, கல்லும் மண்ணும் வைத்துக் கட்டியது. அதற்கு வெளியே நடைபாதையில் கெம்பம்மா என்ற பெண்மணி கூடை வைத்து மல்லிகை விற்றுவந்தார். ஆலய வளாகத்தின் பின்பக்கத்து ஒற்றை அறை வீட்டில் எங்கள் கோயில் பணியாளர் ஞானமுத்து மனைவியோடு குடியிருந்தார். தமிழக எல்லையோர ராமாபுரம் பக்கத்து ஆள். மணியடிப்பது, பெருக்குவது, பூட்டுவது, கூட்டத்துக்குத் தேநீர் கொண்டுவருவது எல்லாம் அவர் வேலை. இன்று அவரை 'அவர்' என்கிறேன். அன்று வாடா போடா என்று கூப்பிட்டதில்லை, ஆனால் 'நீ'தான். வயதில் என்னைவிட எட்டே வருடம் இளையவர்.

ஈஸ்டருக்குப் பின் இரண்டாம் ஞாயிறு, ஆராதனை முடிந்து கமிட்டி கூடியிருந்தது. ஞானமுத்து தேநீர்த் தட்டை வைத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

"அய்யா, ஒண்ணு சொல்லோணுமுங்க. தெக்கால செவுரு வகுறு தள்ளி நிக்குதுங்க. கெம்பம்மா அடியிலயேதான் கூடைய வெச்சு உக்காந்திருக்குது."

எங்கள் கமிட்டியில் ஒரு வழக்கறிஞர் உண்டு. நல்ல பேச்சாளர், கன்னடமும் தமிழும் கலந்து எல்லாரையும் சிரிக்கவைப்பார். "என்ன மாராயா, உன் வகுறை விடவா?" என்றார்.

எல்லாரும் சிரித்தோம். ஞானமுத்துவும் தம் வயிற்றைத் தடவிக்கொண்டு சிரித்தார். போதகர் சிரித்து முடித்து, "மழைக்கு முன்னாடி பார்த்துடலாம்ப்பா" என்றார். பேச்சு பீடத்துக்குப் பளிங்கு போடுவதற்குத் திரும்பியது.

இதை நான் மினிட்ஸில் எழுதவில்லை. ஞானமுத்து கமிட்டி உறுப்பினர் இல்லை, தேநீர் கொண்டுவந்தவர் சொன்னது நடவடிக்கை ஆகாது என்று எனக்கு நானே ஒரு விதி வைத்திருந்தேன். அடியில் வேறொரு காரணம் இருந்தது. எழுதினால் செய்ய வேண்டும். செய்தால் பளிங்கு தள்ளிப்போகும். ஆனால் அன்று இரவு என் நாட்குறிப்பில் எழுதினேன்: 'ஞானமுத்து தெற்குச் சுவர் பற்றி எச்சரித்தார். வழக்கறிஞர் வேடிக்கை செய்தார். அனைவரும் சிரித்தோம்.'

எச்சரிக்கை எந்த வாயிலிருந்து வந்தாலும் புத்தகத்தில் ஏற்றுங்கள். ஏற்றினால் பொறுப்பு வந்துவிடுமே என்று பயப்படுவீர்கள். சொன்ன கணத்திலேயே பொறுப்பு வந்துவிடுகிறது. எழுதாமல் விட்டால் அதைத் தட்டிக்கழித்தோம் என்ற பழியும் கூடச் சேர்கிறது.

ஜூலை மாதம், நான்கு நாள் விடாத மழைக்குப் பின் ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகலில் அந்தச் சுவர் வெளிப்பக்கமாகச் சாய்ந்தது. கெம்பம்மாவின் வலது கால் முழங்காலுக்குக் கீழே கற்களுக்குள் அகப்பட்டுக்கொண்டது. ஞானமுத்து ஓடிவந்து வெறுங்கையால் கல்லைப் புரட்டி அவரை இழுத்தெடுத்தார். அவருடைய இரண்டு நகங்கள் பிய்ந்துபோயின. உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் கால் பழையபடி ஆகாது என்று அரசு மருத்துவமனையில் சொன்னார்கள். அன்று மாலையே காவல் நிலையத்திலிருந்து ஆள் வந்து கேட்டது ஒரே கேள்வி: "இந்த இடத்துக்குப் பொறுப்பு யாரு?"

சபையின் சட்டப்படி கமிட்டித் தலைவர் போதகர். ஆகவே பொறுப்பும் அவரே. வளாகத்தில் எது விழுந்தாலும் முதல் பெயர் அவருடையதாகத்தான் வரும் என்பதை அதுவரை நாங்கள் யாரும் அவருக்குச் சொன்னதில்லை. அவர் ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தது.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, போதகர் அங்கி மாற்றும் வெஸ்ட்ரி அறையில் போதகர், வழக்கறிஞர், நான் மூன்று பேரும் உட்கார்ந்தோம். கதவு சாத்தியிருந்தது.

"குற்றப்பத்திரிகையில பேர் வந்தா பென்ஷன் நின்னுரும் பாஸ்டர்" என்றார் வழக்கறிஞர். போதகரின் முகம் வெளுத்தது. அது உண்மையா என்று நான் கேட்கவில்லை. பணியாளர் பிரிவிலேயே வாழ்நாளைக் கழித்த நான், அதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

வழக்கறிஞர் என் பக்கம் திரும்பினார். "ஸார், மினிட்ஸ்ல சுவர் பத்தி ஏதாச்சும் இருக்கா?"

"இல்ல."

"இடம் இருக்கா?"

புரியவில்லை என்று நான் சொல்லியிருக்கலாம். புத்தகம் வீட்டில் இருக்கிறது என்று சொல்லி இரண்டு நாள் கடத்தியிருக்கலாம். ஆனால் என்னைக் கேள்வி கேட்டால் பதில் தானாக வந்துவிடும். "ஈஸ்டருக்கு அப்புறம் ரெண்டாம் ஞாயிறு கூட்டம். கையெழுத்துக்கு மேல ஆறு வரி காலி" என்றேன். திறந்து பார்க்காமலே சொன்னேன். அப்படிச் சொல்ல முடிந்ததில் எனக்கு ஒரு சின்ன மகிழ்ச்சிகூட இருந்தது.

அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். தெற்குச் சுவரைப் பழுதுபார்க்கத் தீர்மானிக்கப்பட்டது. பணி தொடங்கும்வரை சுவரோரம் எவரும் அமராதபடி கயிறு கட்டித் தடுக்கும் பொறுப்பு கோயில் பணியாளர் ஞானமுத்துவிடம் ஒப்படைக்கப்பட்டது. அவரும் அதை ஏற்றுக்கொண்டார்.

எழுதும்போது போதகர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே ஞானமுத்து விரலில் துணி சுற்றிக்கொண்டு, விழுந்த கற்களை ஓரமாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

"இதனால அவனுக்கு ஒண்ணும் ஆகாதே?" என்றார் போதகர்.

"ஒண்ணும் ஆகாது பாஸ்டர். சும்னே ஒரு பேருக்கு. கமிட்டி தூங்கலைன்னு காட்டணும், அவ்வளவுதான்."

போதகர் தலையசைத்தார். நான் அதே பேனாவை, அதே மையைத்தான் பயன்படுத்தினேன். எழுத்தை ஒரு நூல் அளவு நெருக்கினால் சரியாக ஆறாவது வரியில் முடியும் என்று கணக்கிட்டேன். அப்படியே முடிந்தது. மையை ஒற்றியபோது பக்கம் நிறைவாக இருந்தது. ஒரு மனிதனின் பிழைப்பை எழுதி முடித்துவிட்டு, எழுத்து அழகாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்தவன் நான். உங்களிடம் சொல்ல எனக்கு வாய் கூசும் இடம் இதுதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சொன்னவர் வாயால் சொன்னார். தலையசைத்தவர் தலையை அசைத்தார். அந்த அறையில் தடயம் விட்டவன் நான் ஒருவன் மட்டுமே. சபையின் வழக்கறிஞர் சபைக் கமிட்டியில் உட்காரக் கூடாது. தன்னையும் சேர்த்துக் காப்பாற்ற வேண்டியவரிடம் ஆலோசனை கேட்டால், யார் விலை கொடுப்பது என்பதை அவர் உங்களுக்கு முன்பே முடிவு செய்திருப்பார்.

திங்கட்கிழமை நகல் காவல் நிலையத்துக்குப் போனது. வியாழக்கிழமை ஞானமுத்துவை அழைத்து நாலு மணி நேரம் உட்காரவைத்தார்கள். வெள்ளிக்கிழமை காலை அவர் என் வீட்டு வாசலில் நின்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"அய்யா, நெசமாத்தானுங்க கேக்கறன். கயிறு கட்டச் சொல்லி எனக்கு எப்பங்க சொன்னீங்க?"

அவரே தொடர்ந்தார்.

"ஸ்டேசன்ல படிச்சுக் காட்டுனாங்க. உங்க எழுத்துங்க, எனக்குத் தெரியாதுங்களா? பொஸ்தகத்துல இருக்குதுன்னா சொல்லித்தானுங்க இருப்பீங்க. எனக்குத்தான் மறந்துபோயிருச்சாட்ட இருக்குது. எத்தன யோசிச்சாலும் வரமாட்டீங்குது."

அவர் என்னைக் குற்றம் சாட்ட வரவில்லை. தம் தலையைச் சந்தேகப்பட்டு வந்திருந்தார்.

"நேத்து ஆஸ்பத்திரிக்குப் போய்க் கெம்பம்மா கிட்ட மன்னிப்புக் கேட்டனுங்க. என் தப்புதான், கயிறு கட்டாம உட்டுப்போட்டேன்னு சொன்னனுங்க."

நான் சொன்னது இவ்வளவுதான்: "கவலப்படாதப்பா, பாத்துக்கலாம்." அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். என்னை நம்பி அவர் திரும்பிப் போனதைக் கதவருகில் நின்று பார்த்தேன்.

ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு சபை சார்பில் பழங்கள் வாங்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனேன். கெம்பம்மா கன்னடத்தில்தான் பேசுவார். முதலில் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு, "உங்க ஞானமுத்து ஏன் இங்க வந்து அழறான்? அவன் தெனமும் சுவர்கிட்ட உக்காராதேன்னு சொன்னவன்தானே" என்றார். "மழை தொடங்கினதும் என் கூடையை அவனே தூக்கிட்டுப் போய் கேட்டுக்குப் பக்கத்துல வெச்சான். ரெண்டு வாரம் அங்கதான் வித்தேன். அப்புறம் ஒரு பெரியவர் வந்து, ஞாயித்துக்கிழமை கார் திரும்ப முடியலை, பழைய இடத்துக்கே போன்னார்."

யார் அந்தப் பெரியவர் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. எனக்கு அப்படி எதுவும் நினைவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து நாட்குறிப்பை எடுத்தேன். ஜூன் மூன்றாம் ஞாயிறு. மழைத்தூறல். ஆராதனை ஏழு நிமிடம் தாமதம். கடைசி வரி: 'வாயிலருகே பூக்கூடை. கார்களுக்கு இடைஞ்சல். அகற்றச் சொன்னேன்.'

என் எழுத்து. அச்சுப்போல இருந்தது.

அதை வாசித்த பிறகாவது மறுநாளே காவல் நிலையத்துக்குப் போயிருப்பேன் என்று நீங்கள் நினைக்கலாம். போகவில்லை. சுவர் விழுந்ததிலிருந்து நான் வாய் திறந்தது வரை பத்தொன்பது நாள். ஒவ்வொரு நாளும் என் குறிப்பில் இருக்கிறது. ஒரு நாள் தலைவலி, ஒரு நாள் போதகருக்கு ரத்த அழுத்தம் என்று இரக்கம், ஒரு நாள் மருமகள் ஊரிலிருந்து வந்திருந்தாள். அவமானத்துக்கு எத்தனை வேலைகள் குறுக்கே வருகின்றன என்பதை அந்தப் பக்கங்களில் பார்க்கலாம்.

பத்தொன்பதாம் நாள் புதன்கிழமை. மாலை ஆறு மணிக்கு அவசரக் கமிட்டி. ஒரே பொருள்: ஞானமுத்துவைப் பணிநீக்கம் செய்வது, வீட்டைக் காலி செய்ய ஒரு மாதம் கொடுப்பது. வழக்கம்போல ஜெபம். வழக்கம்போல மினிட்ஸ் புத்தகம் சுற்றுக்குப் போனது. கடைசியாக என் கைக்கு வந்தது. பக்கத்தின் அடியில் பதினொரு கையெழுத்துகள் இருந்தன. மேலே ஒரு சொல்கூட இல்லை. இன்னும் யாரும் பேச ஆரம்பிக்கவில்லை. ஆனால் ஒரு குடும்பத்தை வெளியேற்றுவதற்குப் பதினொரு பேர் கையெழுத்துப் போட்டு, எழுதுவதற்கு என்னிடம் கொடுத்துவிட்டார்கள்.

பேனாவை மூடி வைத்தேன். நாட்குறிப்பைப் பையில் கொண்டு போயிருந்தேன். எதற்குக் கொண்டுபோனேன் என்று எனக்கே தெளிவில்லை. எழுந்து நின்று, அந்த ஆறு வரியைச் சுவர் விழுந்த மறுநாள் எழுதினேன் என்று சொன்னேன். ஈஸ்டருக்குப் பின் இரண்டாம் ஞாயிறு உண்மையில் என்ன நடந்தது என்பதை நாட்குறிப்பிலிருந்து வாசித்தேன். ஜூன் மூன்றாம் ஞாயிறையும் வாசித்தேன்.

முதலில் பேசியவர் வழக்கறிஞர். "ஸார், உங்களுக்கு உடம்பு சரியில்ல. உக்காருங்க. இது சபை, கோர்ட் இல்ல. இது வெளிய போனா கேஸ் உங்க மேலயே திரும்பும்."

நஞ்சன்கூட்டு ஷிப்டுக்காரர் ஒருவர் எழுந்தார். சாந்தமான மனிதர், பாடகர் குழுவில் பாடுபவர். "ஏன் ஸார், என் கையெழுத்துக்கு மேலயா எழுதினீங்க? என்னையும் சேத்தா பொய் சொல்ல வெச்சீங்க?"

"ஆமாம்" என்றேன்.

"பதினாலு வருஷமா நீங்க வாசிக்கும்போது நான் ஒரு தடவகூட காது குடுத்துக் கேட்டதில்ல ஸார். நீங்க எழுதினா சரியாத்தான் இருக்கும்னு."

அவர் கோபத்தில் கத்தியிருந்தால் தேவலாம் என்றிருந்தது. வழக்கறிஞர் போதகரைப் பார்த்து, "பாஸ்டர், நீங்க சொல்லுங்க. அந்த மாதிரி ஒண்ணும் நடக்கல, அல்லவா?" என்றார்.

போதகர் மேசையைப் பார்த்தபடி, "நான் தலையாட்டினேன்" என்றார். எந்த மனிதரிடமிருந்தும் அவ்வளவு சிறிய குரலை நான் கேட்டதில்லை. அன்று என்னோடு காவல் நிலையத்துக்கு வந்தவர் அவர் ஒருவர்தான்.

சட்ட விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஞானமுத்துவின் பெயர் வழக்கிலிருந்து நீக்கப்பட்டது. போதகர் முதல் எதிரி, நான் இரண்டாம் எதிரி. கவனக்குறைவுக் குற்றத்தோடு, ஆவணத்தைத் திருத்திய குற்றமும் என் பேரில் சேர்ந்தது. வழக்கு இன்னும் நடக்கிறது. வாய்தாவுக்கு வாய்தா நானும் அவரும் ஒரே ஆட்டோவில் போய் வருகிறோம், அதிகம் பேசிக்கொள்வதில்லை. வழக்கறிஞரின் பெயர் எங்கும் இல்லை, அவர் எதையும் எழுதவில்லையே. பளிங்குக்குச் சேர்த்து வைத்திருந்தது கெம்பம்மாவின் சிகிச்சைக்குப் போனது. போதகரின் ஓய்வூதியம் நிற்கவில்லை, இன்றுவரை வந்துகொண்டிருக்கிறது. பேராய அலுவலகத்துக்கு ஒரு தொலைபேசி போட்டிருந்தால் அந்தச் சனிக்கிழமையே தெரிந்திருக்கும். நெருக்கடியில் ஒருவர் பயமுறுத்தினால், அந்தப் பயம் உண்மைதானா என்று விசாரியுங்கள். விசாரித்த பிறகு பயப்படலாம், நேரம் இருக்கும்.

ஆனால் இதையெல்லாம் சொல்லவா வந்தேன்?

காவல் நிலையத்திலிருந்து நேராக ஞானமுத்துவின் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி கதவைத் திறந்தார். உள்ளே சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. மணி அடித்தாயிற்று, கேஸ் அடுப்பு அணைத்தாயிற்று, கேட் பூட்டியாயிற்று என்று வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அன்றன்றைக்குப் பென்சிலில் குறியிட்டிருந்தது. "இவருக்கு மறதி வந்துருச்சுன்னு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேங்க. தலைய போட்டோ எடுக்கணும்னாங்க" என்றார் அந்தம்மாள்.

நான் நின்றபடியே சொன்னேன். கயிறு கட்டும்படி யாரும் உனக்குச் சொல்லவில்லை. நான்தான் பிறகு எழுதினேன். கெம்பம்மாவைப் பழைய இடத்துக்கு அனுப்பியதும் நான்தான்.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகத்தில் முதலில் வந்தது நிம்மதி.

"அப்ப, நான் மறக்கலீங்களா?"

"மறக்கல."

"பாத்தயா புள்ள" என்று மனைவியிடம் திரும்பினார். "நாஞ்சொல்லல? எனக்குப் புத்தி நல்லாத்தான் இருக்குதுன்னு." அந்தம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். அவர் எழுந்துபோய்ச் சுவரிலிருந்த தாளைக் கிழித்தார். அதற்குப் பிறகுதான், நான் செய்தது என்ன என்பது அவருக்கு மெல்ல உறைத்தது. முகம் மாறுவதைப் பார்த்தேன். "கெம்பம்மாகிட்ட நீங்களே போய்ச் சொல்லிருங்க" என்றார். 'அய்யா' என்று சொல்லவில்லை. கதவு சாத்தப்பட்டது.

மறுநாள் போய்ச் சொன்னேன். "அந்தப் பெரியவர் நான்தான்" என்றேன். கெம்பம்மா, "தெரியும்" என்றார். "நீங்க வாயத் திறக்கிறீங்களான்னுதான் அன்னிக்குப் பாத்தேன்."

ஞானமுத்துவை வேலையில் தொடரும்படி கமிட்டி எழுத்துமூலம் கேட்டுக்கொண்டது. சம்பளம் உயர்த்தவும் தயாராயிருந்தோம். அவர் வேண்டாமென்றார். அறுப்பின் பண்டிகை முடிந்த செவ்வாய்க்கிழமை, சாமான்களை ராமாபுரத்துக்கு அனுப்பிவிட்டு, சாவிகளை ஒப்படைக்க வெஸ்ட்ரிக்கு வந்தார். நான் பொறுப்பை விட்டு விலகியிருந்தேன், ஆனால் புதுச் செயலாளர் அன்று வரவில்லை. புத்தகத்தை ஒப்படைக்கும்வரை நானே இருக்க வேண்டியிருந்தது.

மேசைமேல் ஏழு சாவிகளை வைத்தார். "வாங்கிக்கிட்டதா எழுதிக் குடுங்க" என்றார்.

புதுப் புத்தகத்தைத் திறந்தேன். பழையது நீதிமன்றத்தில் இருக்கிறது. பல வருடப் பழக்கம், நான் புத்தகத்தை அவர் பக்கம் திருப்பிப் பேனாவை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"எழுதுங்க, மொதல்ல" என்றார்.

எழுதினேன். ஏழு சாவிகள், எந்தெந்தப் பூட்டுக்கு, தேதி, நேரம். எழுத்து நன்றாக அமையவில்லை. புத்தகத்தைத் தம் பக்கம் இழுத்து, விரலை வரிக்குக் கீழே வைத்து, வேதம் வாசிப்பதுபோல எழுத்துக்கூட்டி உரக்க வாசித்தார். மேற்கு வாசல் என்று நான் எழுதியிருந்ததைக் கிழக்கு என்று திருத்தச் சொன்னார். அவர் சொன்னதுதான் சரி. திருத்தினேன். மறுபடி முதலிலிருந்து வாசித்தார். அதன் பிறகே பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

என் எழுத்துக்கும் அவர் கையெழுத்துக்கும் இடையே மூன்று வரி காலியாக இருந்தது. அவர் பேனாவைத் திருப்பித் தரவில்லை. நகம் இன்னும் சரியாக முளைக்காத விரல்களால் அதைப் பிடித்து, அந்த மூன்று வரியின் குறுக்கே, கோணலாக, தாள் கிழியும் அளவு அழுத்தி ஒரு கோடு இழுத்தார்.